பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆன்லைன் வகுப்பு: சந்தா கட்டலாமா?

அலுவலக நண்பர் ஒருவர் மகனுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டார், ஆண்டுக் கட்டணத்தை இப்போது குறைத்திருக்கிறார்களாம். என் மகள் பிளஸ் ஒன்னிலிருந்து அதில்தான் படிக்கிறாள். என்னென்ன வசதி என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, விடுங்கள்.

பாடம் நடத்துவதில் குறை சொல்ல முடியாது. பிளஸ் டூ புத்தகத்தில் ஸ்கோப் பற்றி, அதாவது ஒரு மாறியின் பெயர் புரோகிராமில் எதுவரை செல்லும் என்பது பற்றி ஒரு பாடம் வரும், லோக்கல், என்க்ளோஸ்டு, குளோபல், பில்ட்-இன் என்று பெட்டிக்குள் பெட்டியாகப் போகும். பள்ளியில் ஒரே மூச்சில் நடத்தி முடித்துவிட்டார்கள். இங்கே வீடியோவைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள், ஒன் மார்க்கில் இப்போது அவ்வளவாகக் கோட்டை விடுவதில்லை.

எனக்கு எரிச்சல் வருவது புரோகிராம் விஷயத்தில். எல்லாம் பிடிஎஃப்பாகத்தான் வரும். போனில் காப்பி பண்ணி ஒட்டினால் வரிக்கு முன்னால் இருந்த இடைவெளி காணாமல் போகும், மேற்கோள் குறி வளைந்து வந்து நிற்கும். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் மொழி படித்தபோது இடைவெளி எப்படி இருந்தாலும் அடைப்புக்குறி காப்பாற்றிவிடும், பிளஸ் டூவில் வரும் பைத்தான் மொழியில் அந்த இடைவெளிதான் எல்லாமே. இண்டென்டேஷன் எர்ரர் என்று சிவப்பில் வரும். உதவிக்குக் கேட்டால் 'வீடியோவை மறுபடியும் பாருங்கள்' என்று பதில், ஒவ்வொரு முறையும் அதே பதில்! வீடியோவில் சார் அடிக்கிறார், ஓடுகிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது? அப்புறம் அவளும் ஒட்டுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வெறுமனே பார்த்தால் போதாது என்று பள்ளி லேபில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இஃப் வரியை முடித்து, கோலன் போட்டு என்டர் தட்டினால் பைத்தான் அடிக்கும் ஐடிஎல்இ மென்பொருள் தானாகவே உள்ளே தள்ளி நிற்கும், அதையே ஏதோ அதிசயம் போல வீட்டில் வந்து சொல்கிறாள். இத்தனை நாள் பைத்தான் படித்த பிள்ளை! மதிப்பெண் தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 20, இன்டர்னலுக்கு 10. அந்த 70-க்கு இது தாராளமாகப் போதும், 20-க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்து அடிக்கவிட்டாலே ஆயிற்று.

பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், அந்தப் பணத்தை லேப்டாப்புக்குச் சேர்த்து வையுங்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். நான் போன வாரமே பொதுத்தேர்வு வரைக்கும் புதுப்பித்தாயிற்று, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் பாடம் இன்னும் பாக்கி இருக்கிறதே.