மலையா, சமதளமா, குன்றுச் சுற்றா? உலகச் சைக்கிள் சாம்பியனை எந்தச் சாலை முடிவு செய்யலாம்

மலேசியாவின் தாப்பாவில் குடியிருந்துகொண்டு மலைப் பாதை வேண்டாம் என்று சொன்னால் ஊர்க்காரர்களே முறைப்பார்கள். எங்கள் கடைத்தெருவைத் தாண்டியதும் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தொடங்கிவிடுகிறது. தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி லாத்தா இஸ்கண்டார் அருவி வரை மிதித்து ஏறி, இறங்கி வந்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் கேட்டு உட்காரும் கூட்டத்தில் நானும் ஒருவன். 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் மலைப்பாங்கான கிகாலியில் உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்ததிலிருந்து அந்த மேசையில் ஒரே வாக்குவாதம். செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணே, மலை இல்லாத ரேஸ் ஒரு ரேஸா?" என்று கேட்டார். மலைமேல் எனக்கும் ஆசை உண்டு தம்பி. ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு உலகச் சாம்பியனுக்குரிய வானவில் சட்டையை மாட்டிவிடும் போட்டிக்கு, குட்டைக் குன்றுகளைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுற்றுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

முதலில் சாலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது எதிரி காற்றுதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் 15, 20க்கு விழுந்ததும் அந்த மறைவு அதிகம் உதவாது, உடம்பின் எடையும் கால்களின் சக்தியும் மட்டும்தான் கணக்கு. என் எடை 78 கிலோ. என்னைவிட 15 கிலோ குறைந்த அந்தத் தம்பி அருவிக்கு வெகுமுன்பே கண்ணில் படாமல் போய்விடுவார். பீடோர் போகும் நேர்ச் சாலையில் அதே தம்பி என் பின்சக்கரத்தை விட்டு நகரமாட்டார். இரண்டு சாலைகளும் இரண்டு வேறு ஆள்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

சமதளத்தைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். 2011இல் கோப்பன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரிட்டன் அணி மார்க் கேவண்டிஷுக்காக நாள் முழுக்கக் கூட்டத்தின் முன்னால் நின்று இழுத்தது, கடைசியில் அவர் ஸ்பிரிண்டில், அதாவது கோட்டுக்கு முந்தைய வேகப் பாய்ச்சலில், வென்றார். அவர் திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆறு மணி நேரம் போல நடக்கிற போட்டி கடைசிச் சில நூறு மீட்டருக்காகக் காத்திருப்பதைப் பார்க்கும்போது, எட்டுப் பேரை அனுப்ப முடிந்த நாட்டுக்கே இந்தச் சாலை என்று தோன்றுகிறது. 2016இல் கத்தாரின் டோஹா விதிவிலக்கு. பாலைவனத்துப் பக்கக்காற்று கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டியது, பீட்டர் சகான், கேவண்டிஷ், டாம் போனன் என்று மூன்று பெரிய பெயர்கள் முதல் மூன்று இடத்தில் வந்தன. காற்று அடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதை நம்பி ஒரு சாம்பியன்ஷிப் நடத்த முடியாது.

மலைக்கு வருவோம், இங்கேதான் தம்பி பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. மலை பணக்கார அணிகளின் பிடியைத் தளர்த்துகிறது. தோக்கியோ ஒலிம்பிக் சாலைப் போட்டி 234 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 4,800 மீட்டருக்கும் மேல். வென்றவர் எக்குவடோரின் ரிச்சர்ட் கராபாஸ். அந்த நாடு அந்தப் போட்டிக்கு அனுப்பியதே இரண்டு பேர்தான். ஒரு சின்ன நாட்டுக்காரனாக எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா! மலை என்றால் ஒல்லியான ஏற்றக்காரர்கள் மட்டுமே வெல்வார்கள் என்பதும் சரியில்லை. ரியோ ஒலிம்பிக்கில் 2016இல் வென்ற கிரெக் வான் அவர்மாட் ஏற்றத்துக்குப் பேர்போனவர் அல்ல. கிகாலியில்கூட, பெண்கள் போட்டியில் பெரிய பெயர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க, கனடாவின் மக்டலேன் வலியேர் முன்னால் போன குழுவிலிருந்து வென்றுவிட்டார்.

அப்படியானால் எனக்கு என்ன குறை? ஆண்கள் போட்டியைப் பாருங்கள். கிகாலியில் 267 கிலோமீட்டர், 5,400 மீட்டருக்கும் மேல் ஏற்றம், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். தடேய் பொகாச்சார் முடிவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே கூட்டத்தைப் பிரிந்து கிளம்பி, வென்றும்விட்டார். கோட்டைத் தொட்டவர்கள் மொத்தம் 30 பேர். 1980இல் பிரான்சின் சலான்ஷில் பெர்னார் ஹினோ வென்றபோது 107 பேர் தொடங்கி 15 பேர்தான் முடித்தார்கள், அதை இன்றும் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் ஸ்பிரிண்டர்கள், கனமான உடம்புக்காரர்கள், காற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாரும் பாதையின் வரைபடம் வெளியான அன்றே வெளியேறிவிடுகிறார்கள். மலை வீரர்களுக்குப் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் பல நாள் சுற்றுப் போட்டிகளில் வாரக்கணக்கில் ஏற்றம் இருக்கிறது. மற்றவர்களுக்கு இந்த ஒரு நாளையாவது திறந்து வைக்க வேண்டாமா?

அப்புறம் இறக்கம். ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், ஆள் அடிபடுவது இறங்கும்போதுதான். ரியோவில் விஸ்தா சினேசா இறக்கத்தில் முன்னணியில் இருந்த நிபாலியும் எனாவோவும் விழுந்தார்கள். மறுநாள் பெண்கள் போட்டியில் தனியே முன்னால் போய்க்கொண்டிருந்த அன்னமீக் வான் ஃப்ளூட்டன் அதே இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இங்கே பிற்பகல் மழை கொட்டியதும் கேமரன் சாலை எப்படி வழுக்கும் என்று எங்களுக்குத் தெரியும், எதிரே காய்கறி லோரி வேறு. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: குன்றுச் சுற்றும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2024இல் சூரிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஈரச் சாலையின் இறக்கத்தில் விழுந்து இறந்த வீராங்கனை முரியல் ஃபூரருக்கு 18 வயது. காட்டோரம் விழுந்து கிடந்தவர் நீண்ட நேரம் யார் கண்ணிலும் படவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. கிகாலியில் எல்லாருக்கும் ஜிபிஎஸ் கருவி பொருத்தியது தாமதமாக வந்த நல்ல முடிவு. குறுகிய சுற்றில் ஒவ்வொரு வளைவிலும் ஆள் நிறுத்த முடியும், வீரர்களும் அதே வளைவைப் பத்து முறை பார்த்துப் பழகுகிறார்கள். 60 கிலோமீட்டர் மலைச் சாலையில் அது நடக்காது.

என் கட்சிக்குச் சாட்சி 2023 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப். நகரத்துக்குள் 14 கிலோமீட்டர் சுற்று, பத்து முறை. குட்டை மேடுகள், திருப்பத்துக்கு மேல் திருப்பம். முதலில் மாத்யூ வான் டெர் பூல், அதுவும் நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்து. இரண்டாவது வௌட் வான் ஆர்ட், மூன்றாவது பொகாச்சார், நான்காவது மட்ஸ் பெடர்சன். பிரான்சுச் சுற்றை வென்ற பொகாச்சாரும், கூட்ட ஸ்பிரிண்டில் ஜெயிக்கக்கூடிய பெடர்சனும் ஒரே சாலையில் கடைசிவரை மோதினார்கள். எந்த வகை வீரரையும் அந்தப் பாதை காலையிலேயே வீட்டுக்கு அனுப்பவில்லை. பார்க்கிறவர்களுக்கும் லாபம்: ஓரிடத்தில் நின்றால் பத்து முறை பார்க்கலாம். மலையோரம் காலையிலிருந்து குடை பிடித்து நின்றால் ஒருமுறை சர்ரென்று போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டை வைத்துப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறேன். 1996இல் தொடங்கிய லங்காவி சுற்று என்ற பல நாள் போட்டியில் கெந்திங் மலை ஏற்றம் வைத்த ஆண்டுகளில் பட்டம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். கொலம்பியாவின் ஹோசே செர்பா 2009, 2012 என இரண்டு முறை வென்றார். நம்மவர்கள் மேடை ஏறியது ஸ்பிரிண்டில். 2010இல் அனுவார் மனான் அந்தச் சுற்றில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்ற முதல் மலேசியர் ஆனார். பல நாள் சுற்றில் இது அழகாகப் பொருந்துகிறது, கெந்திங் ஒருவருக்கு, கடற்கரைச் சாலை இன்னொருவருக்கு. ஒரு நாள் சாம்பியன்ஷிப்பில் அப்படிப் பங்கு பிரிக்க முடியாது.

தேசியப் போட்டியை ஒருநாள் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் கேமரன் ஏற்றத்தைத் தொடவே வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். செண்டெரியாங் பக்கம் தோட்டச் சாலைகளில் மேடும் பள்ளமும் போதும் போதும் என்கிற அளவு இருக்கிறது, காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 2027இல் உலகச் சாம்பியன்ஷிப் மறுபடி சலான்ஷ் பக்கம் போகிறது, "அன்னிக்கு வந்து பேசுங்க அண்ணே" என்கிறார். என் கண் அதற்கு முந்தைய ஆண்டின் மேல். 2026இல் மொண்ட்ரியல், மவுண்ட் ரோயல் குன்றைச் சுற்றும் பாதை, 1974இல் எடி மெர்க்ஸ் வென்ற அதே குன்று.