சின்னப் பிள்ளைக்கு விலை கூடிய பிராண்ட் சப்பாத்தா, உள்ளூர்ச் சப்பாத்தா?

மூன்று வயதுக்குள் பிள்ளையின் கால் இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை சப்பாத்து அளவில் அரை இலக்கம் வளரும். பிராண்ட் சப்பாத்து தேய முன்னமே சிறுத்துப்போகும். அந்தக் காசுக்கு உள்ளூர்ச் சோடிகள் பல வாங்கலாம்.

பிராண்டில் குதிப்பகுதி உறுதியாக, தையல் நேர்த்தியாக இருக்கும். உள்ளூரிலும் அப்படியானது கிடைக்கும், தேடி எடுக்கவேணும். அடியை வளைத்துப் பாருங்கள்: விரல் மடியும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் மடிந்தால் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து சித்தி அனுப்பும் பெரிய அளவுச் சோடியை அலுமாரியில் வைத்துக் காக்காதீர்கள். பாலியூரித்தேன் என்ற நுரைபோன்ற பிளாஸ்ரிக்கால் செய்த அடி ஈரப்பதனில் சிதையும். இரண்டு மாரி கழித்து எடுத்தால் கட்டியாக உதிரலாம்.

எதை வாங்கினாலும் பின்னேரம், பிள்ளையை நிற்கவைத்து இரு கால்களையும் அளவெடுங்கள். பெரிய காலின் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி போதும். கூட விட்டால் கால் வழுக்கித் தடுக்கி விழும். கோயில் வாசலில் கழற்றிப் போட, நாடாவைவிட ஒட்டுப்பட்டி சுகம்.

ஐந்து வயதுவரை நாங்கள் உள்ளூரையே சொல்லுவோம்.