சென்ட்மெயிலிடம் கொடுத்தால் போதும்: பல வருட அனுபவம்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையின் லினக்ஸ் சர்வரைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பில், ஸ்டாக் லிஸ்ட், பேக்கப் ரிப்போர்ட் எல்லாம் அதிலிருந்துதான் மெயிலில் போகின்றன. என் ஸ்கிரிப்ட் எதுவும் வெளி சர்வரோடு நேராக எஸ்எம்டிபி (மெயில் அனுப்ப சர்வர்கள் பேசும் மொழி) பேசாது. மெயிலை வாங்கி அனுப்பிவைக்கிற சென்ட்மெயில் கமாண்டிடம் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

எரிக் ஆல்மன் எண்பதுகளில் பிஎஸ்டி யூனிக்ஸில் கொண்டுவந்த பெயர் அது. இன்று போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் என எந்த மெயில் சாஃப்ட்வேரைப் போட்டாலும் அதே பெயரில் ஒரு கமாண்ட் கிடைக்கும். எக்ஸிமிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறியபோது ஒரு ஸ்கிரிப்டைக்கூடத் தொடவில்லை. ரிலே (நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் சர்வர்), அதன் 587 போர்ட் எல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் ஒரே இடத்தில்; பாஸ்வேர்ட் ரூட் (சர்வர் நிர்வாகி) மட்டும் படிக்கிற ஃபைலில்.

இதன் அருமை நெட் போகும்போதுதான் தெரியும். சித்திரைத் தேரோட்டத்துக்காக வயரைக் கழற்றினால் எங்களுக்கு நெட் கிடையாது. சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடும், பில்லும் விழுந்துகொண்டே இருக்கும். மெயில்கியூ (mailq) என்று அடித்தால் போகாத மெயில்கள் க்யூவில் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் கீழும் ஏன் போகவில்லை என்ற காரணத்தோடு. நெட் வந்ததும் தானாகவே கிளம்பிவிடும். வேறு கெடு சொல்லி வைக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை முயலும். இந்த வேலையை ஒவ்வொரு புரோகிராமிலும் தனித்தனியாக எழுதுவது வீண்.

சென்ட்மெயிலைக் கூப்பிடும்போது டி (-t), ஐ (-i) இரண்டு ஆப்ஷனையும் மறக்காமல் போடுங்கள். டி போட்டால் யாருக்கு என்பதை ஹெடரிலிருந்தே (மெயிலின் தலைப்பு வரிகள்) எடுத்துக்கொள்ளும். ஐ இன்னும் முக்கியம். பழைய ஸ்கிரிப்ட் ஒன்றில் அது இல்லை. "தம்பி, லிஸ்ட்ல பாதிச் சரக்கக் காணோமே" என்றார் கணக்குப்பிள்ளை. திறந்து பார்த்தால் ஒரு வரியில் வெறும் புள்ளி மட்டும் இருந்தது. மெயில் அங்கேயே முடிந்ததாக எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது.

ஒரு குறையும் உண்டு. கமாண்ட் 0 (பிழையில்லை) என்று திரும்பினால் மெயில் க்யூவில் சேர்ந்தது என்றுதான் பொருள், போய்ச் சேர்ந்தது என்றல்ல. முகவரி தப்பென்றால் பின்னால்தான் பவுன்ஸ் (போகவில்லை என்று திரும்பி வரும் மெயில்) வரும். அதனால் பவுன்ஸ் எங்கே வரவேண்டும் என்று சொல்கிற எஃப் (-f) ஆப்ஷனில் தினமும் யாராவது பார்க்கிற முகவரியைக் கொடுக்கவேண்டும்.

எம்எஸ்எம்டிபி என்ற சின்ன மெயில் புரோகிராமும் சென்ட்மெயில் மாதிரியே கூப்பிட வசதியானது, ஆனால் க்யூ கிடையாது. கடைக்கு அது சரிவராது. எஸ்எம்டிபி மட்டுமே தெரிந்த சாஃப்ட்வேர் வந்தால் அதற்கு லோக்கல்ஹோஸ்ட் (இதே சர்வர்), போர்ட் 25 என்று கொடுத்துவிடுகிறேன். அதுவும் போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவுக்கே வந்துவிடுகிறது.