நம்ம ஊர் போலோவுக்கு பி14-ஆ, 30 கிளிக் பிஆர்-ஆ?

ஃபோக்ஸ்வாகன் போலோ 2022-இல் இந்தியாவில் நின்றுபோனது. அதற்கப்புறம் கையில் இருக்கிற வண்டியைப் பொத்திப் பாதுகாக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பழைய ஷாக் தளர்ந்ததும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், காயில்ஓவரே (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து, உயரம் மாற்றும்படி வரும் செட்) போட்டுவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. தலைப்பில் சொன்ன பில்ஸ்டைன் பி14-உம் பிசி ரேசிங் பிஆர்-உம் அந்த வகைதான். கடைக்குப் போனால் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “எத்தனை கிளிக் இருக்கு?”, அதாவது ஷாக்கின் விறைப்பை மாற்றும் திருகில் எத்தனை படி என்று. என்னைக் கேட்டால், வண்டி இறங்கிய பிறகு ஷாக் அமுங்குவதற்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால், என்ன கிளிக் வைத்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பரில்) போய் இடிக்கும்.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. இங்கே விற்ற போலோ ஐரோப்பிய போலோவைவிட உயரமாக நிற்கும். ஐரோப்பிய கிட்டில் “30 மி.மீ. இறங்கும்” என்று போட்டிருந்தால் அது அந்த ஊர் வண்டியின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. அதே கிட் நம் வண்டியை அதைவிட அதிகமாக இறக்கும். இந்தியச் சாலை காங்கிரஸ் வரையறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படிப் போட்ட தடையை நாம் எத்தனை தெருவில் பார்த்திருக்கிறோம்? நாலு பேரோடு போகும்போது அடிப்பாகம் உரசுவது அதனால்தான்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம்.

காயில்ஓவரே வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவுதான். கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்து பில்ஸ்டைன் பி6 ஷாக் மட்டும் போட்டால் உயரம் மாறாது, ஆட்டம் அடங்கும். கொஞ்சம் இறக்கியே ஆக வேண்டும் என்றால் ஐபாக் புரோ கிட் ஸ்பிரிங்கோடு, அதற்கென்றே நீளம் குறைத்துச் செய்த பி8. தினமும் குடும்பத்தோடு ஓடுகிற வண்டிக்கு நான் பி6-க்கு மேல் போகச் சொல்ல மாட்டேன்.

பி14 உயரத்தை மட்டும் மாற்ற விடும். டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் விசை) பில்ஸ்டைன் வைத்தது வைத்ததுதான். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் பலம். இந்த ஸ்பிரிங்குக்கு இந்த வால்விங் (ஷாக்கினுள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அமைப்பு) என்று ஏற்கெனவே பொருத்தித் தந்துவிட்டார்கள். கெடுப்பதற்குக் கையில் திருகு இல்லை. ஆனால் இதில் ஸ்பிரிங் இருக்கையை (ஸ்பிரிங் உட்காரும் தட்டை) கீழே இறக்கித்தான் வண்டியை இறக்க முடியும், இறக்க இறக்க அமுங்கும் இடம் குறையும். அதனால் நம் ஊரில் இதை அனுமதித்த வரம்பின் உச்சியிலேயே வைத்து ஓட்டுவதுதான் சரி.

தைவானின் பிசி ரேசிங் பிஆர் வேறு வகை. 30 கிளிக், ஒரே திருகு. அமுக்கமும் ரீபவுண்டும் (ஷாக் அமுங்கும்போதும் திரும்ப நீளும்போதும் வரும் தடை) சேர்ந்தே மாறும், தனித்தனியாக மாற்ற வழியில்லை. ஆனால் முன்பக்கத்தில் கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரம் வைக்கலாம். ஷாக் மொத்தமாக நகர்வதால் அதன் ஓட்டம் குறையாது. மேலே, சக்கரத்தின் சாய்வை (கேம்பர்) மாற்றும் பிளேட்டும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் முன்சக்கர இழுவை வண்டியில் வளைவுக்கு வளைவு தேய்வது முன் டயரின் வெளி ஓரம்தான். அதற்குச் சகித்துக்கொள்ள வேண்டியது, விறைப்பான ஸ்பிரிங், ரப்பருக்குப் பதில் உலோக மூட்டு வைத்த பில்லோபால் மவுண்டின் சத்தம். ஈசிஆரில் தினம் ஓட்டினால் அந்தச் சத்தம் சலித்துவிடும்.

கேடபிள்யூ கம்பெனியின் வேரியன்ட் 3 காயில்ஓவரில் அமுக்கத்துக்கும் ரீபவுண்டுக்கும் தனித்தனித் திருகு, உடல் துருப்பிடிக்காத எஃகு. கடற்காற்று அடிக்கிற ஊரில் இந்த ஒரு காரணத்துக்கே மதிப்பு உண்டு. ஆனால் நிதானமாக உட்கார்ந்து செட் செய்கிறவருக்குத்தான் அந்தப் பணம் வேலை செய்யும். மற்றவர்கள் அதே கம்பெனியின் எளிய வேரியன்ட் 1 பார்க்கலாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போலோவின் பின்பக்கம் ட்விஸ்ட் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முறுகும் தண்டு. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. எந்த கிட் வாங்கினாலும் பின்னால் வருவது உண்மையில் காயில்ஓவர் இல்லை. கேம்பர், டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) திருத்த அங்கே திருகும் கிடையாது.

பொருத்தும்போது ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்க விடாதீர்கள். வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளங்கள். டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறாது. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஏதாவது வைத்து அளப்பது இன்னும் நல்லது.

பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) கூட்டினால் ஸ்பிரிங் விறைக்கும் என்பார்கள். விறைக்காது. சீரான ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறது. பிஆரில் ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு அதன் இருக்கையை வைத்துவிட்டு, உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் பாருங்கள்.

கிளிக்கை முழுக்க மூடிய நிலையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், மூடும்போது பலம் கொடுக்கக் கூடாது. நடுவில் தொடங்கி, தெரிந்த ஒரே சாலையில் இரண்டிரண்டாக மாற்றுங்கள். வேகத்தடை தாண்டியதும் வண்டி இன்னொரு முறை எழுந்து ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. வரிசையாகச் சின்ன மேடுகள் வரும்போது வண்டி கீழேயே உட்கார்ந்துகொண்டு போனால் ரீபவுண்ட் அதிகம். ஸ்பிரிங் திரும்ப நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும். அப்போது நாலு மூலையையும் மறுபடி அளந்து, மரையில் ஒட்டிய மண்ணைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுத் திருகுங்கள்; மண்ணோடு திருகினால் அந்த மண் அலுமினிய நட்டின் மரையைத் தின்றுவிடும். வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் பொருத்தியதுமே பாருங்கள், இதற்கப்புறம் மறுபடி ஒரு முறை.