எஃப்-16 கனோபியின் நடுக்கோடு: சுரண்டலா, தேய்ப்பா, முக்கி எடுப்பதா?

டமியா நிறுவனத்தின் 1/48 அளவு எஃப்-16 போர்விமான மாடல் கிட்டில் வரும் கனோபியை, அதாவது விமானி அறையின் ஒளிபுகு மூடியை, விளக்குக்கு நேரே பிடித்தால் முன்நுனியிலிருந்து பின்பக்கம் வரை உச்சியில் ஒரு மெல்லிய கோடு ஓடுவது தெரியும். கிட்டில் ஏதோ பிசகு என்று வருந்த வேண்டாம். அசல் எஃப்-16 கனோபி அடிச்சட்டத்தைவிட மேலே அகலமானது, குடத்தின் வயிறு மாதிரி உப்பியிருக்கும். மேல் அச்சு, கீழ் அச்சு என்று இரண்டே துண்டில் வார்த்தால் அது அச்சை விட்டு வெளியே வராது. அதனால் மேல் அச்சை இடம், வலமாகப் பிளந்து பக்கவாட்டில் இழுக்கிறார்கள். அந்தப் பிளவு சேரும் இடம்தான் இந்தக் கோடு. கோடே இல்லாத பல பழைய கிட்களில் பக்கச்சுவர் நேராக நிற்பதைப் பார்க்கலாம். அங்கே கோட்டைத் தவிர்க்க வடிவத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வடிவம் சரியாக இருந்து கோடு மட்டும் இருக்கிற கனோபிதான் எனக்கு வேண்டும், ஏனென்றால் கோட்டை எடுத்துவிட முடியும்.

வேலை இரண்டு கட்டம்: முதலில் மேட்டை இறக்குவது, பிறகு தெளிவை மீட்பது. இரண்டுக்கும் போட்டி வழிகள் உண்டு.

மேட்டை இறக்க முதல் வழி கத்தி. புதிய 11ஆம் எண் பிளேடைக் கோட்டுக்குச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல், எடையே கொடுக்காமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். நூல்போலச் சுருள் வரும். பத்துப் பதினைந்து இழுப்பில் மேடு போய்விடும், கோட்டுக்கு இருபுறமும் உள்ள பரப்பு கெடாது. ஆனால் கனோபி பிளாஸ்டிக் ரப்பர் கலக்காத பாலிஸ்டைரீன். விமான உடலின் சாம்பல் பிளாஸ்டிக்போல வளையாது, நொறுங்கும். பிளேடைச் சாய்த்தாலோ அழுத்தினாலோ அது துள்ளித் துள்ளிப் போய்க் குறுக்கே ஏணிப்படி மாதிரி வடு விழும். அந்த வடு மேட்டைவிட ஆழமானது.

இரண்டாவது வழி வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். 1000 எண் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய ஸ்பாஞ்சில் சுற்றித் தேய்க்கலாம். கத்தியைவிட மெதுவானது, ஆனால் கத்தியைவிடப் பாதுகாப்பானது. கட்டைத் துண்டில் சுற்றக்கூடாது. கட்டை உச்சியைத் தட்டையாக்கிவிடும், தட்டையான இடம் லென்ஸ்போலக் காட்சியை வளைக்கும். இதைச் சோதிக்க, கனோபியைக் கட்டம் போட்ட தாளின்மேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள். கோடுகள் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே அதிகம் தேய்த்திருக்கிறீர்கள்.

நகத்தால் தடவும்போது மேடு தட்டினால் கத்தியில் தொடங்கித் தாளுக்கு மாறுவேன். தட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் தாளே போதும். மின்சார ரோட்டரி கருவி இந்தப் போட்டியிலேயே இல்லை. பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகும், சுழலும் ஃபெல்ட் சக்கரம் சில நொடிகளில் அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும்.

எந்த வழியானாலும் கனோபியின் உட்புறத்தில் புளூ டாக் (பிசைந்து ஒட்டி எடுக்கக்கூடிய மெழுகு போன்ற பசை) உருண்டையை அடைத்துத் தாங்கல் கொடுங்கள். விரிசல் விடுவது பெரும்பாலும் தேய்ப்பதால் அல்ல, தாங்கலில்லாமல் விரலால் நெரிப்பதால். சட்டக் கோடுகளின்மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிவிடுங்கள்.

தெளிவை மீட்கும் கட்டத்தில்தான் உண்மையான போட்டி. ஒரு தரப்பு பாலிஷ். 1000, 1500, 2000 என ஏறி, ஒவ்வொரு எண்ணுக்கும் திசையைக் குறுக்காக மாற்றித் தேய்க்க வேண்டும். முந்தைய எண்ணின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்ததற்குப் போகலாம். அவசரப்பட்டால் கடைசியில் பளபளப்புக்கு நடுவே ஒற்றைக் கீறல் பல்லிளிக்கும், திரும்ப 1500க்கு இறங்க வேண்டும். மைக்ரோமெஷ் என்ற நுண் பாலிஷ் துணி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் எண்கள் தனிக் கணக்கு. மைக்ரோமெஷ் 1500இன் துகள் சுமார் 30 மைக்ரான், வாட்டர் பேப்பர் 2000இன் துகளோ சுமார் 10 மைக்ரான். 2000 முடித்துவிட்டு மைக்ரோமெஷ் 1800ஐ எடுத்தால் செய்த வேலை பாழ். 4000இலிருந்து மேலே போய் 12000இல் முடியுங்கள். பிறகு டமியா ஃபைன், ஃபினிஷ் காம்பவுண்டுகள் அல்லது நோவஸ் 2 என்ற பிளாஸ்டிக் பாலிஷ். பழைய பனியன் துணியில் பயறளவு எடுத்து, சூடேறாமல் விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைப் படிவு சட்டக் கோடுகளில் தங்கும். மென்மையான பிரஷ்ஷும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் அதை எடுத்துவிடும்.

எதிர்த் தரப்பு முக்கி எடுப்பது. 2000 எண்ணோடு நிறுத்தி, தெளிவான அக்ரிலிக் திரவத்தில் முக்குவது. அமெரிக்காவில் ஃபியூச்சர், பிரிட்டனில் கிளியர் என்று விற்ற தரை பாலிஷ் இதற்குப் பெயர்போனது. இன்று ஆல்கிளாட் அக்வா கிளாஸ் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. இது பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிஸ்டைரீனுக்கு 1.59, அக்ரிலிக்குக்கு 1.49. கீறலில் காற்று இருந்தால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும். அக்ரிலிக் நிரம்பினால் வித்தியாசம் மிகக் குறைவு, மெல்லிய கீறல் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆழமான கீறலை இது மறைக்காது, கண்ணாடிக்குள் வைத்ததுபோல எடுத்துக்காட்டும்.

முக்கி எடுத்ததும் அடி விளிம்பை டிஷ்யூவில் தொட்டுத் தேங்கியதை உறிஞ்சுங்கள், இல்லையேல் விளிம்பில் தடிப்பு நிற்கும். டிஷ்யூமேல் நிறுத்தி, தூசி விழாமல் டப்பாவால் மூடி 48 மணி நேரம் தொடாதீர்கள். கெட்டுவிட்டால் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரில் ஊறவைத்துப் பூச்சைக் கழற்றி மறுபடி முக்கலாம். இந்த மறுவாய்ப்பு பாலிஷில் கிடையாது.

ஆனாலும் நிறமற்ற கனோபிக்கு என் ஓட்டு பாலிஷுக்குத்தான். பூச்சு இல்லாததால் அதில் தூசி சிக்கும் கவலை இல்லை, மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது படலம் கூடவே வராது. எஃப்-16 பலவற்றின் கனோபியில் பொன்னிறச் சாயல் உண்டு. அதைக் காட்ட வேண்டுமென்றால் முக்குவதே மேல்: அக்ரிலிக்கில் டமியா எக்ஸ்-24 கிளியர் மஞ்சளும் எக்ஸ்-19 ஸ்மோக்கும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, வீணான ஒளிபுகு துண்டில் முதலில் சோதித்துவிட்டு முக்கலாம்.

வேக்ஃபார்ம் கனோபி (சூடாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை அச்சின்மேல் காற்றுறிஞ்சிப் படியவைத்தது) வாங்கினால் கோட்டுப் பிரச்சினையே இல்லை, தடிமனும் குறைவு. திறந்த நிலையில் வைக்க அழகு. ஆனால் விளிம்பை நீங்களே வெட்ட வேண்டும், சட்ட விவரங்கள் மழுங்கியிருக்கும், மூடிய நிலையில் உடலோடு பொருத்துவது கடினம். கிட் கனோபி விரிசல் விட்டிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

ஒட்டும்போது சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி உள்பக்கத்தில் வெள்ளைப் பனியாகப் படியும், மூடிவிட்ட பிறகு அங்கே துணி எட்டாது. பிவிஏ வகை வெள்ளைப் பசையைப் பல்குச்சியில் தொட்டு வைத்து, வழிந்ததை ஈர பட்ஸால் துடைத்துவிடுங்கள்.