ஓடைப்பள்ளத்தை நிறுத்த மாடா, மண்வேலையா?

மேய்ச்சல் நிலத்தில் மழைநீர் அறுத்த பள்ளம் பெரும்பாலும் மேட்டை நோக்கித்தான் வளரும். பள்ளத்தின் தலையில், அதாவது மேல்முனையில், நீர் விழுந்து அடிமண்ணைக் குடைய, மேல்மண் தாங்கலில்லாமல் இடிகிறது. இந்த ஏற்றத்தை எது நிறுத்தும் என்பதுதான் கேள்வி.

மண்வேலையின் பலம் வேகம். தலைக்கு மேலே லேசான சரிவோடு வரப்பு போட்டு, புல் அடர்ந்த இடத்தில் நீரைத் திருப்பிவிட்டால் அடுத்த மழையிலேயே வித்தியாசம் தெரியும். பள்ளத்துக்குள் கல் தடுப்பு கட்டுவதானால் அதன் நடுப்பகுதி தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஓரமாகச் சுற்றிக் கரையை அறுக்கும். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு வர வேண்டும்.

ஆனால் இயந்திரத்தைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை. அடிமண்ணில் உலர்ந்த கட்டி ஒன்றை, மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டு அசைக்காமல் விடுங்கள். கட்டி வெறுமனே உடைந்து சரிந்தால் கவலையில்லை. சுற்றிலும் பால் போல் கலங்கல் படர்ந்தால் அது பெரும்பாலும் சோடியம் மிகுந்த களிமண். அதைத் தோண்டிப் போடும் வரப்பை நீர் உள்ளுக்குள்ளேயே துளைத்துவிடும். ஜிப்சம் கலந்து, நன்றாக இறுக்கி, மேல்மண் போர்த்தாமல் அங்கே கைவைக்கக் கூடாது.

கால்நடை விஷயத்தில் இரண்டு கட்சி. வேலி போட்டு விலக்கு என்பது ஒன்று. கூட்டமாக, குறுகிய நேரம் விட்டுக் கரையை மிதித்துச் சரிக்கச் சொல்வது மற்றது. ஜிம்பாப்வே சூழலியலாளர் ஆலன் சேவரியின் திட்டமிட்ட மேய்ச்சல் முறையைப் பின்பற்றுவோரிடம் இது பிரபலம்; அவர் சொல்லும் பலன்களை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. முழங்கால் ஆழப் பள்ளத்தில், வைக்கோலும் புல்விதையும் தூவி மிதிக்க வைப்பதில் அர்த்தம் உண்டு. ஆளுயரக் கரையில் மாட்டை இறக்குவது வீண் வேலை, மாட்டுக்கும் ஆபத்து.

என் ஓட்டு முதலில் தண்ணீர்த் தொட்டிக்கு. சரிவில் நேராக இறங்கும் மாட்டுத்தடம்தான் பல பள்ளங்களுக்குப் பிள்ளையார் சுழி. தொட்டியையும் உப்புக்கட்டியையும் பள்ளத்திலிருந்து எட்டி, மேட்டுச் சமதளத்தில் வைத்தால் மந்தை தானே வழி மாறும். இதற்குச் செலவும் குறைவு. ஆனால் பலன் தெரியப் பல பருவங்கள் ஆகும்; தலை வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் அதுவரை காத்திருக்க முடியாது, வரப்பும் அடுத்த மழைக்கு முன்பே வேண்டும்.

பள்ளத்தைச் சுற்றி வேலி அடைத்திருந்தால், முதல் புல் தலைகாட்டியதும் அதைத் திறந்துவிடாதீர்கள். புல் வேரூன்றி விதை உதிர்த்த பிறகு, மண் காய்ந்திருக்கும் நாட்களில் கொஞ்ச நேரம் மட்டும் மேயவிடலாம்.