கைப்பிடி சுற்றும் வானிலை ரேடியோ: பல வருஷம் குடும்பம் நடத்திய பிறகு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நான் இருக்கும் ஹன்ட்ஸ்வில்லுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு லிங்க் அனுப்பினார். "அண்ணா, இதுக்கு விலை குறைச்சிருக்கான். உங்க வீட்ல இதுதானே இருக்கு? வாங்கலாமா?" ஆமாம், இதேதான் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். முந்தின நாள்தான் அதைப் பிரித்துப் போட்டு, உப்பிப்போன பேட்டரியை மாற்றி, வால்யூம் குமிழின் கரகரப்புக்கு ஸ்ப்ரே அடித்து மூடியிருந்தேன். போனில் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது முழு உண்மை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கைப்பிடி, சோலார் தகடு, டார்ச், ஏஎம், எஃப்எம், ஏழு வானிலை அலைவரிசை எல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும். சோலார் தகடு அழகுக்கு. கைப்பிடி சுற்றினால் கை வலிக்கும், ஆனால் ரேடியோ பாடும். டார்ச் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

வடக்கு அலபாமாவில் வீடு எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் மாதத்திலேயே 2011 ஏப்ரல் 27 கதையைச் சொல்லிவிடுவார். அந்த ஒரே நாளில் இந்த மாநிலத்தில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட சூறாவளிகள் (டொர்னேடோ எனும் சுழல்காற்று), இருநூறுக்கும் மேற்பட்ட சாவுகள். டென்னசி ஆற்றோரம் இருக்கும் ப்ரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்துக்கு வரும் கம்பித்தடங்கள் விழுந்து மூன்று உலைகளும் நின்றன. ஹன்ட்ஸ்வில் வட்டாரமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. செல்போன் கோபுரத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பது இந்த ஊருக்குத் தெரியும். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்த ரேடியோவை வாங்கினேன். சமையல் மேடை மேல் வைத்தேன். புயல் இல்லாத நாளில் சும்மா கிடக்கிறதே என்று எஃப்எம் போட்டேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அலபாமாவில் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடும் அணி கிடையாது. கூடைப்பந்தும் பேஸ்பாலும் அப்படியே, பெரிய லீக் அணி எதுவும் இல்லை. இருப்பது இரண்டு பல்கலைக்கழக அணிகள், அலபாமாவும் ஆபர்னும். ஊருக்குப் புதியவனிடம் ஜாதகம் கேட்பதுபோல "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். இந்த இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று திட்டிக்கொள்ள வாரநாள் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை ஓர் இடம் உண்டு. பர்மிங்ஹாமில் பத்திரிகை எழுத்தாளராக இருந்து வானொலிக்கு வந்த பால் ஃபைன்பாம் நடத்தும் தொலைபேசி நிகழ்ச்சி அது. இப்போது இந்த இரு பல்கலைக்கழகங்களும் ஆடும் எஸ்இசி லீகின் தொலைக்காட்சியிலும் வருகிறது. டிவியில் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. குரல் வரும்போது முகம் வேண்டாம்.

என் ரேடியோவின் ஒரே பெரிய நல்ல குணம் இந்த இடத்தில் வருகிறது. ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுகூட இல்லை. பேஸ் சுத்தமாகக் கிடையாது, இளையராஜாவைப் போட்டால் பாவம் பார்க்க வைக்கும். ஆனால் மனிதக் குரல், அதுவும் தொலைபேசி வழியே வரும் குரல், அவ்வளவு துல்லியமாக விழும். பேசுபவர் லாரிக்குள் உட்கார்ந்திருக்கிறாரா, வாசல் திண்ணையில் இருக்கிறாரா என்று சொல்லிவிடலாம். ஐஸ் டீ தம்ளரில் கட்டி உருளும் சத்தம், பின்னால் நாய் குரைப்பது, "போனை வை, சாப்பாடு ஆறுது" என்று உள்ளிருந்து வரும் குரல் எல்லாம் கேட்கும். இதைவிட நாலு மடங்கு விலையில் என் மேசையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. அதில் இதே ஆட்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்கள்.

சரி, என்ன பேசுகிறார்கள்? ஃபுட்பால்தான் சாக்கு. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் கால் சரியில்லை என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து கவர்னர், முட்டை விலை, நேற்றிரவு டிவியில் பார்த்த நாட்டுப்புறப் பாடகியின் உடை, தன் அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் என்று போய், கடைசியில் "ரோல் டைட்" என்று அலபாமா ரசிகர்களின் கோஷத்தைச் சொல்லி வைத்துவிடுவார். அடுத்து வரும் அம்மா "வார் ஈகிள்" என்று ஆபர்ன் கோஷத்தாலேயே வணக்கம் சொல்லி, முன்னவர் சொன்னதில் இடுப்பு ஆபரேஷனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுப்பார். பால் நடுவில் இரண்டு வார்த்தை போடுவார். தீர்ப்பு சொல்லவே மாட்டார்.

இவர்களை வெறும் வம்பு என்று நினைத்துவிடக் கூடாது. 2010 நவம்பரில் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், 28-27 என்று அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்தது. 2011 ஜனவரியில், "டேட்வில்லிலிருந்து ஆல்" என்று ஒருவர் இந்த நிகழ்ச்சிக்கு போன் செய்து, ஆபர்னில் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டதாகச் சொன்னார். ஜெயித்தால் ஆபர்ன்காரர்கள் கழிவறைக் காகிதச் சுருள்களை வீசி அலங்கரிக்கும் மரங்கள் அவை. மண்ணைச் சோதித்தார்கள், உண்மை. ஆள் சிறைக்குப் போனார். 2013இல் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த அழைப்பின் ஒலிப்பதிவை இப்போதும் கேட்கலாம். முதுகு சில்லிடும், ஏனென்றால் மனிதர் சாதாரணமாகப் பேசுகிறார். அந்த அழைப்பு வந்த 2011இலேயே, ஏப்ரலில், முன்னால் சொன்ன சூறாவளி டஸ்கலூசாவைக் கிழித்துப் போட்டது. அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். உதவிப் பொருளோடு முதலில் கிளம்பியவர்களில் ஆபர்ன் ரசிகர்களும் உண்டு. "டஸ்கலூசாவுக்காக டூமர்ஸ்" என்றே தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் இந்த ஆட்கள் புரிவார்கள். எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அரசியல் வேண்டாம், ஆட்டத்தை மட்டும் பேசுங்கள் என்று மாதம் ஒருவராவது போன் செய்து சொல்வார். நடக்காத காரியம். ஆபர்னுக்குப் பத்து சீசன் பயிற்சியாளராக இருந்த டாமி டபர்வில், 2002 முதல் 2007 வரை அலபாமாவைத் தொடர்ந்து ஆறு முறை தோற்கடித்தவர். 2020இல் அவர் செனட்டுக்கு நின்றார். அந்த ஆறு தோல்விக்கும் வயிறெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2017இல் ட்ரம்ப் எங்கள் ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில்தான், தேசிய கீதத்தின்போது மண்டியிடும் ஆட்டக்காரர்களைத் துரத்த வேண்டும் என்று பேசினார். 2024 செப்டம்பரில் டஸ்கலூசாவில் ஜார்ஜியாவை அலபாமா 41-34 என்று வென்ற ஆட்டத்துக்கும் வந்தார். 2025இல் பால் ஃபைன்பாமே செனட்டுக்கு நிற்கலாமா என்று யோசிப்பதாக வாய்விட்டுச் சொன்னார். இதில் கோடு எங்கே கிழிப்பது?

பணப் பேச்சு இன்னும் சுவாரசியம். மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் கதவு திறந்தது. 2025இல் வந்த வழக்குத் தீர்வுப்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் வருஷத்தில் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர் வரை பங்கு கொடுக்கலாம். "காசு வந்தது, விளையாட்டு செத்தது" என்று குரல் தழுதழுக்கப் புலம்புபவரே, நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன்) ஒருவன் வேறு ஊருக்குப் போய்விட்டால் "நம்ம ஆட்கள் ஏன் இன்னும் கொஞ்சம் கொடுக்கவில்லை?" என்று கத்துவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு விளம்பர இடைவேளைகூட இருக்காது.

இவ்வளவு ருசியான பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பெட்டி என்ன செய்யும் தெரியுமா? அலறும்.

வானிலை எச்சரிக்கை வந்தால் ஓடுகிற நிலையத்தை வெட்டிவிட்டு அலற வேண்டும், அதற்குத்தான் வாங்கினேன், தெரியும். ஆனால் இந்த மாடலில் நம் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எண்ணைப் பதிந்து வைக்கும் வசதி இல்லை. அலைபரப்பி எட்டும் தூரத்தில் யாருக்கு எச்சரிக்கை வந்தாலும் இது எனக்கும் சேர்த்துக் கத்தும். நான் இருப்பது மேடிசன் கவுண்டி. ஜாக்சனுக்குக் கத்தும், மார்ஷலுக்குக் கத்தும், மாநில எல்லை தாண்டி டென்னசியில் இருக்கும் லிங்கன் கவுண்டிக்கும் கத்தும். புதன்கிழமை மதியத்துக்கு முன் வரும் வாராந்திரச் சோதனையைப் பற்றிக் குறையில்லை, அப்போது நிகழ்ச்சி இல்லை.

ஒரு ஏப்ரல் மாலை. ஆபர்ன் பக்கத்து அம்மா ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இரு அணியும் மோதும் அயர்ன் பவுல் சனிக்கிழமையிலேயே மகள் கல்யாணத் தேதி குறித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பரம்பரை அலபாமாக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா போன் செய்து ஒரு நிபந்தனை போட்டாராம். "பால், அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா..." என்றார் அந்த அம்மா. நான் தோசை மாவுக் கையோடு நின்றுவிட்டேன். பீ...ங்! காதைத் துளைக்கும் ஓசை. பிறகு அந்த இயந்திரக் குரல், அவசரமே இல்லாமல், ஜாக்சன் கவுண்டி வுட்வில் அருகே பெயின்ட் ராக் ஆற்றின் நீர்மட்டத்தை வாசித்தது. எனக்கும் பெயின்ட் ராக் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே மாட்டைக் கட்டி வைத்திருக்கிறேனா?

அலறி முடித்தால் தானாகப் பழைய நிலையத்துக்குத் திரும்பவும் திரும்பாது. வானிலை அலைவரிசையிலேயே உட்கார்ந்துகொண்டு நீர்மட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓதும். ஒருவர் போய்ப் பின்பக்கப் பொத்தானை அழுத்தி, குமிழைத் திருப்பி, ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஊசிக்கு நான் தேடும் இடத்தைத் தவிர எல்லா இடமும் பிடிக்கும். ஒரு மயிரிழை இடது போனால் தேவாலயப் பிரசங்கம். வலது போனால் விபத்து வழக்கறிஞர் விளம்பரம். நடுவில் நிறுத்துவதற்குள் அந்த அம்மா வைத்துவிட்டார். வேறு ஒருவர் தற்காப்பு ஆட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாட்காஸ்டில் கேட்கலாமே என்பீர்கள். மாவுக் கையை அலம்பிவிட்டு நாலு மணி நேரத்தில் எந்த நிமிஷம் என்று தேடும் பொறுமை எனக்கு இல்லை. மாப்பிள்ளையின் அப்பா என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எச்சரிக்கையை அணைத்து வைக்கலாம், அதற்குச் சுவிட்ச் உண்டு. அணைத்தால் மறுபடி போட ஞாபகம் இருக்க வேண்டும். இங்கே சூறாவளிக்கு ஏப்ரல் மட்டும் இல்லை, நவம்பரிலும் ஒரு சுற்று வரும். மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "கல்யாணக் கதை கேட்க இதை வாங்கல." பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நள்ளிரவில் இதன் அலறல் கேட்டுத்தான் பிள்ளைகளை எழுப்பி உள்ளறையில் கொண்டுபோய் வைத்தோம். காற்று எங்கள் தெருவைத் தொடாமல் போனது. அந்த ஒரு ராத்திரிக்காக இதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் போடலாம்தான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 10, புதன்கிழமை. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிக் சேபன் ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தது. அலபாமாவுக்கு 17 சீசன் பயிற்சியாளராக இருந்து ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பேச வந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை. ஆபர்ன்காரர் ஒருவர் "சந்தோஷப்பட வேண்டும், முடியவில்லை" என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லித் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல்கூட இந்தச் சின்ன ஸ்பீக்கரில் சுத்தமாக விழுந்தது. ஒன்பது மாதத்தில் அதே ஊர் வேறு மாதிரி பேசியது. தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா 40-35 என்று நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. 1984க்குப் பிறகு அவர்களிடம் முதல் தோல்வி. நாஷ்வில்லில் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருவழியே தூக்கிப் போய் கம்பர்லாண்டு ஆற்றில் போட்டார்கள். திங்கட்கிழமை நான் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ரேடியோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அன்று ஒருவரும் தொண்டையைச் செருமவில்லை.

இனி தரத்தைப் பற்றி. பேட்டரி உப்பும், கவனமாக இருங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அதாவது சோலார் தகட்டை நம்பி சன்னலில் வைக்காதீர்கள். யுஎஸ்பி சொருகும் இடம் தளர்ந்துவிட்டது, கோணலாகப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கைப்பிடி மட்டும் இரும்பு மாதிரி இருக்கிறது, அதை யாரும் சுற்றுவதில்லை என்பதால் இருக்கலாம்.

ஆக, தம்பி, நீங்கள் இதை வாங்காதீர்கள். எஸ்.ஏ.எம்.இ. என்று பெட்டியில் போட்டிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அதில் உங்கள் கவுண்டி எண்ணை மட்டும் பதிந்து வைத்தால் பெயின்ட் ராக் ஆறு உங்களைத் தொந்தரவு செய்யாது. என் ரேடியோவுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

நீங்கள் அனுப்பிய லிங்க்கில் அதே மாடல் ஒன்று எனக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அது படுக்கையறைக்கு. அதில் எச்சரிக்கையைப் போட்டு வைப்பேன். சமையலறையில் இருப்பதில் அணைத்து வைப்பேன். மனைவியிடம் சொல்ல வேண்டாம்.